தம்பதி வகுப்புக்குத் தனியே போனவர்

கல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். முன் இருக்கையில் ஒரு மீன்பிடிக்காரர். பக்கத்தில் அவருடைய கூட்டாளி. பின்னால் நான்.

“புருசன் பொஞ்சாதி வகுப்புக்குத் தனியவாடா போன நீ?” என்று கூட்டாளி சிரித்தார்.

“ஓம் மச்சான். அவள் என்னைத் தன்ட வீட்ட விட்டுப் போகச் சொன்ன பிறகுதானே ஊருக்கு வகுப்பே வந்தது.”

“என்ன படிப்பிச்சாங்க?”

“அவள் கதைக்கக்குள்ள முகத்தப் பார்க்கோணுமாம். நான் கிழிஞ்ச வலையப் பொத்திக்கொண்டு ‘ம்’ போட்டுத்தான் பழக்கம்.”

“இதுக்கொரு வகுப்பா?”

“எனக்கு ஆரும் சொல்லித் தரல்லியே.”

கூட்டாளி பிறகு சிரிக்கவில்லை.

“நேத்து வேலியடிக்குப் போய் அவள்ர முகத்தப் பார்த்துக்கொண்டு நிண்டன். ‘இப்ப என்னத்துக்குப் பார்க்கிறீங்க’ எண்டு கேட்டுட்டு உள்ள போயிற்றாள்.”

“எத்தின வருசம் ஒண்டா இருந்தீங்க?”

“பதினாறு.”