பச்சை வயரின் மறுமுனை

மணி பிற்பகல் மூன்று. சுள்ளென்று வெயில். முகத்தைச் சுளிக்காதீர்கள்… இருட்டிய பிறகுதான் பேய் வேலைக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஊருக்கு வெளியே ஒரு நீளமான சாலை. இரண்டு பக்கமும் கம்பி வேலி. ஈ, காக்கை இல்லை. அந்தச் சாலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் என் தோழியின் அப்பா. வயர்மேன். பின்னால் அவருடைய கூட்டாளி, மடியில் ஒரு பெரிய சுருள் பச்சை வயரோடு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவத்தி அணைந்தால் யாரும் கத்தக் கூடாது.

தோழி அப்போது சின்னப் பெண். அவளுடைய அம்மா ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள். திரும்பவே இல்லை. ஏன் போனாள் என்பது வேறு கதை, அதில் பேய் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து இந்தப் பெண்ணுக்கு ஒரு பிடிவாதம். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று முழுசாகச் சொல்லியாக வேண்டும். அந்த "வரேன்" காதில் விழாவிட்டால் சட்டையை விடமாட்டாள். மனிதருக்கும் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் சொல்வார். வேலை செய்த வீட்டு நாயிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஸ்கூட்டர் போய் நின்ற இடம், மூடிக்கிடந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அதற்குள் புதிர் மாளிகை என்று ஒன்று. குறுகலான பாதைகள், திருப்பத்துக்கு மேல் திருப்பம், நட்ட நடுவில் ஒரு வட்ட அறை. அங்கேதான் பூதங்களை நிறுத்தியிருந்தார்கள். காளைத் தலை வைத்த மனிதன். இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கும் பெண். சிங்க முகத்தோடு ஒரு பறவை. எல்லாம் பிளாஸ்டர்தான். பூங்காவைப் புதிதாக வாங்கியவர், நடு அறைக்கு லைட் போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

வாசல் வளைவில் மங்கிப்போன எழுத்து: 'நம்பினவருக்கே வழி.'

கூட்டாளி அதைப் படித்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். "அண்ணே, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"டேய், எரியுதுன்னா வயர் இருக்கும். அசையுதுன்னா மோட்டார் இருக்கும். வேற ஒண்ணும் கிடையாது."

"அப்ப நீங்களே போங்க. நான் இங்க நின்னு வயர் விடறேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வயர்தான் வாய். ஒரு தடவை இழுத்தால் 'நிறுத்து'. இரண்டு தடவை இழுத்தால் 'வா'. அவர் வயர் முனையில் தன்னுடைய வழக்கமான முடிச்சைப் போட்டு, அதை ஒரு கையிலும் டார்ச்சை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இடது பக்கம்… வலது பக்கம்… மறுபடியும் இடது. முதலில் பழைய பெயின்ட் வாசனை. பிறகு நனைந்த சாக்கு வாசனை. நடு அறை வந்தபோது வேறொன்று… மாட்டின் மூச்சு. சூடாக, புல் கலந்து.

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. முடிச்சை ஒரு கொக்கியில் மாட்டினார். 'நிறுத்து' என்று ஒரு தடவை இழுத்தார். வயர் நின்றது.

ஒரு நிமிஷம் கழித்து வயர் இரண்டு தடவை இழுபட்டது.

'வா.'

பயந்தாங்கொள்ளி கூப்பிடுகிறான் என்று சிரித்துக்கொண்டே வயரைத் தடவியபடி நடந்தார். ஒரு திருப்பம். இன்னொன்று. நடந்துகொண்டே இருந்தார். வந்த வழி இவ்வளவு நீளம் இல்லையே என்று தோன்றியபோதுதான் காலில் வேகம் கூடியது. கடைசித் திருப்பம் திரும்பினார்.

அதே அறை. வயரின் மறுமுனை காளைத் தலையனின் கையில் இருந்தது. விரல்கள் மூடியிருந்தன.

டக்… டக்… குளம்புச் சத்தம். டார்ச் மங்கியது.

"நம்புறியா?"

"எவன்டா அது? ஸ்பீக்கரை எங்க வச்சிருக்க?" என்று கத்தினார். ஓடிப்போய் காளைத் தலையனின் கழுத்துக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று தடவினார். வயர் இல்லை. கைக்குக் கிடைத்தது தோல். சூடாக, வியர்த்திருந்தது. உள்ளே ஒரு நரம்பு துடித்தது.

அந்த அறையைச் சுற்றிலும் வாசல்கள். இப்போது ஒவ்வொன்றாக அவை சுவராகிக்கொண்டு வந்தன… சத்தமே இல்லாமல்.

பாம்புப் பெண் அவர் காலைச் சுற்றி ஊர்ந்து கேட்டாள், "நம்புறியா?"

"நம்புறேன், நம்புறேன் தாயே!"

"பயத்துல சொல்ற."

இன்னொரு வாசல் போயிற்று. சிங்க முகப் பறவை மிச்சமிருந்த ஒரே வாசலில் போய் இறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

இல்லை என்றாலும் விடவில்லை, ஆமாம் என்றாலும் விடவில்லை. மனிதர் என்னதான் செய்வார்? அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். தேம்பித் தேம்பி அழுதார். நாம் எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரும் சொன்னார்.

"என்னை நம்பி ஒரு குழந்தை இருக்கு. விட்டுடுங்க."

குளம்புச் சத்தம் நின்றது.

"உன்னை… நம்பியா?"

"என்னை மட்டும்தான்."

காளைத் தலையனின் விரல்கள் திறந்தன. வயர் கீழே விழுந்தது. பறவை இறகை மடக்கியது. அந்த வாசலுக்கு அப்பால் வெயில் தெரிந்தது. விழுந்தடித்து ஓடினார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே… பாழாய்ப்போன நாக்கு. பழக்கதோஷம்.

"போயிட்டு வரேன்."

பின்னாலிருந்து, கோபமே இல்லாமல், அந்தக் குரல் சொன்னது:

"சரி… நம்புறோம்."

வெளியே கூட்டாளி வெறுங்கையோடு நின்றிருந்தான். "என்னண்ணே, போன வேகத்துலயே வந்துட்டீங்க?"

"நீ ரெண்டு தடவை இழுத்தியா?"

"நான் எங்க இழுத்தேன்? மொத்தச் சுருளும் என் கையிலேருந்து உருவிக்கிட்டு உள்ள போயிடுச்சு!"

அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயில் 'வரேன்' வரவில்லை. டீக்கடையில் சொல்லவில்லை. நாயிடம் சொல்லவில்லை. காலையில் மகளிடம் தலையை மட்டும் ஆட்டுவார். அவள் துடித்துப்போனாள். அம்மா போன மாதிரியே இவரும் போய்விடுவார் என்று தினமும் வாசலில் அழுகை. ஒருநாள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு மனசு தாங்கவில்லை. "சரிம்மா… வரேன்" என்றுவிட்டார்.

சுவருக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. பெண்ணின் காதிலும் விழுந்தது.

"எங்ககிட்டயும் அதைத்தானே சொன்ன?"

ஸ்விட்ச் போர்டின் மூலையில் ஒரு ஓட்டை. அதிலிருந்து பச்சை வயர் ஒன்று எட்டிப் பார்த்தது. முனையில் அவருடைய முடிச்சு. இரண்டு தடவை உள்ளுக்கு இழுபட்டது.

"நீ வர்றியா… நாங்க வரட்டுமா?"

அவர் மகளைப் பார்த்தார். வேலைப் பையைக் கீழே வைத்தார். குனிந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"வரேன்னு சொல்லுப்பா" என்றாள் அவள்.

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "போறேன்மா" என்றார்.

அவ்வளவுதான். அவர் திரும்பி வரவே இல்லை. புதிர் மாளிகையைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். பொம்மைகள், தூசி… வேறு ஒன்றும் இல்லை. பெண்ணை அத்தை வந்து வளர்த்தாள். வளர்ந்த பிறகும் அவள் அந்த வீட்டை விடவில்லை. அந்த ஸ்விட்ச் போர்டை யாரையும் தொடவிடவில்லை. தினமும் மூன்று மணிக்கு அந்தப் பச்சை வயரை இரண்டு தடவை இழுப்பாள். 'வா.' ஒரு பதிலும் வராது. ஏண்டி இப்படிப் பைத்தியம் பிடித்து அலைகிறாய் என்று நானே திட்டியிருக்கிறேன். அப்பா வருவார் என்று சிரிப்பாள்.

"உங்க தோழி இப்ப எங்க இருக்காங்க?" என்கிறீர்களா?

போன வருஷம் ஒருநாள் நான் அங்கே ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. செருப்பு வாசலில் இருந்தது. அவள் இல்லை. ஸ்விட்ச் போர்டின் ஓட்டையில் வயரும் இல்லை.

நான் ஓடியது அவள் போன் பண்ணியதால்தான். மணி மூன்று. அப்படி ஒரு சந்தோஷக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "அப்பா இழுத்தாருடி! ரெண்டு தடவை!" என்றாள். அசையாதே, நான் வருகிறேன் என்று கத்தினேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. எத்தனையோ வருஷமாகப் பேசி முடிக்கும்போது "வச்சிடறேன்" என்று சொல்கிறவள்…

அன்றைக்கு "போறேன்" என்றாள்.