ஆறு தகடுகள்

கூரையில் சாமான் கட்டக் கூடாது, வாஹித் சார். கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் விடுகிற பிழை அதுதான். சைக்கிள், கூடாரம், தண்ணீர்த் தாங்கி என்று தலையில் ஏற்றிவிட்டு, வண்டி டீசல் குடிக்கிறது என்று எஞ்சினைத் திட்டுவார்கள். எஞ்சின் என்ன செய்யும், பாவம். அது காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகிறது.

நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டே வாருங்கள். சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை. கையெழுத்து வைக்கும் முன் ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

என் பெயர் அழகர். வயது நாற்பத்தொன்று. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தேன். பண்டாரவளையில் நிருபன் சாருடைய பட்டறையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். பழைய டொல்பின் வேன்களை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். போன மாதம் ஹல்துமுல்லைக்குக் கீழே பள்ளத்தில் விழுந்தது அவருடைய வேன்தான். அவரும் அவர் மனைவி நிசாந்தினி டீச்சரும் அதில் செத்துப்போனார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

எண்ணெய் இல்லாத வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீசல் ஷெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வேனின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்லைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி அல்லவா இதை ஓட்டுகிறோம் என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

படித்தவன் இல்லை நான். ஆனால் காற்று எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. வேனின் உடம்பு முழுக்கச் சாண் நீளத்துக்கு வெள்ளை நூல் ஒட்டினேன். என் மகள் மதுஷாவை ஓட்டோவில் ஏற்றிப் பின்னாலேயே வரச் சொன்னேன். நூல் படுத்துக் கிடந்தால் அங்கே காற்று வழுக்கிப் போகிறது. துடித்தால் இழுக்கிறது. பிள்ளை கொப்பியில் படம் கீறி, துடிக்கிற இடத்துக்கெல்லாம் சிவப்பு அடித்துத் தந்தாள். சக்கரத்தைச் சுற்றியும், முன் பம்பருக்குக் கீழேயும் ஒரே சிவப்பு. மந்திரித்து நூல் கட்டுகிறவள் மாதிரி, பெரிய நூல்கட்டுக்காரி என்று நாங்கள் அவளைக் கேலி பண்ணுவோம்.

பூட்டிக் கிடந்த தேயிலை ஃபக்டரியிலிருந்து அலுமினியத் தகடு கொண்டுவந்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு வட்டத் தகடு. வேனின் அடிவயிற்றை மூடி ஒன்று. பம்பருக்குக் கீழே ஒன்று. மொத்தம் ஆறு. லீட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடிய வேன் பன்னிரண்டு ஓடியது. நான் அழுதேன் சார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தகட்டில் ஒரு குறை இருந்தது. மலையில் இறங்கும்போது பிரேக் சூடாகும். சக்கரத்து ஓட்டைகளுக்குள் நுழைகிற காற்றுதான் அதை ஆற்றுவது. அந்தக் காற்றைத்தான் நான் அடைத்திருந்தேன். இது எனக்கு முதலில் தெரியாது. ஏனென்றால் எங்கள் ஆட்கள் ஹல்துமுல்லை இறக்கத்தின் பாதியில் முனியாண்டி கோயிலடியில் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. இறங்கி, சூடம் கொளுத்தி, திருநீறு பூசி, ஒரு பீடியும் குடித்துவிட்டு ஏறுவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் பிரேக் தானாக ஆறிவிடும். மூன்றாவது தடவை ஓட்டிப் பார்த்த அன்று அடை மழை. சூடம் பற்றாது என்று நிற்காமலே இறங்கினேன். கோயில் தாண்டி நாலாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் அடிவரைக்கும் போனது. இரண்டாம் கியரில் போட்டு, வேனை மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். அதனால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டை போட்டால் சரியாகிவிடும். பன்னிரண்டு பதினொன்றரை ஆகும், அவ்வளவுதான். மதுஷாவின் கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, ஒவ்வொரு சக்கரத் தகட்டின் உள்பக்கமும் பென்சிலால் எட்டு எட்டுப் புள்ளி வைத்தோம். தகட்டை அவள் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டை போடுவதாக இருந்தேன்.

சனிக்கிழமை அந்த வீடியோ வந்தது. நிருபன் சார் வேனுக்கு முன்னால் கைகட்டி நின்று பேசுகிறார். "இது முழுக்க என்ர டிசைன். ரெண்டு வருசமா யோசிச்சுச் செய்தனான்." பின்னால் நான் தகடு துடைத்துக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கையால் காட்டி, "இந்தப் பொடியன் எங்கட தகர வேலைக்காரன். நான் சொல்லச் சொல்ல வெட்டித் தந்தவன்" என்றார். என்னைவிட ஒன்பது வயது இளையவர் அவர். மதுஷாவின் டியூஷன் வகுப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "நூல் ஒட்டுனது நாமதானேப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டை போடவில்லை, அவ்வளவுதான். வேலை செய்யாமல் இருப்பது குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் அவர் வந்தார். பலாங்கொடை வரைக்கும் போய்த் திரும்பி, லீட்டருக்குப் பதினான்கு என்று கமராவில் காட்ட வேண்டுமாம். எப்படி ஓட்டுவது என்று கேட்டார். அவ்வளவு பெரிய டிசைன்காரர் என்னிடம் கேட்டார்.

"எறக்கத்துல நியூட்ரல்ல விடுங்க சார். சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றேன்.

"கோயிலடியில உங்கட ஆக்கள் எல்லாரும் நிக்கிறவை. நானும் நிக்க வேணுமோ?"

"அது சும்மா பழக்கம் சார். நிப்பாட்டித் திரும்பக் கெளப்புனா அங்கதான் எண்ணெ போகுது."

கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும் என்பது எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஒரு கருகின மணம் வருது, என்ன அது?" என்று இன்னொரு நாள் கேட்டார். புதுத் தகடு சூடாகிற வாசம் என்று சொன்னேன்.

அந்தக் காலையில் அவர் தனியாகத்தான் போவார் என்று நினைத்திருந்தேன். டீச்சரும் வந்தார். மதுஷாவுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர். என்னைப் பொடியன் என்று ஒரு நாளும் சொல்லாதவர். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அழகர் அண்ணை, அவர் செய்தது பிழை. திரும்பி வரேக்குள்ள கமராவில உங்கட பேரைச் சொல்ல வைக்கிறன். அதுக்குத்தான் நானும் போறன்."

சார், நான் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே யோசித்தேன். ஒரு ஆள் கூடினால் எடை கூடும், பிரேக் இன்னும் சீக்கிரம் சூடாகும், நாலாவது வளைவு வராது, மூன்றாவதிலேயே என்று கணக்குப் போட்டேன். டீச்சர் ஏறி உட்கார்ந்தார். கதவு சரியாக விழவில்லை.

"நல்லா இழுத்துச் சாத்தணும் டீச்சர். இடுக்கு இருந்தா காத்து இழுக்கும்" என்றேன்.

அவரால் முடியவில்லை. நானே போய்ச் சாத்தினேன். மூன்றாவது வளைவில்தான் நடந்தது.

செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, மதுஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, அந்த ஓட்டைய போட்டீங்களா?" போட்டேன் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மை. எனக்கு யார் மேலும் பகை கிடையாது. எல்லோரும் விபத்து என்றுதான் நினைக்கிறார்கள், நானும் சும்மா இருந்திருப்பேன். நேற்று வேனைப் பரிசோதித்த அறிக்கை பேப்பரில் வந்திருந்தது. காலஞ்சென்ற நிருபன் தானே வடிவமைத்துப் பொருத்திய தகடுகளே விபத்துக்குக் காரணம் என்று போட்டிருக்கிறார்கள். தானே வடிவமைத்து. செத்த பிறகும் அவர் பெயர்தான், சார்.

அதைத் திருத்த வேண்டும். நொறுங்கிய வேன் இன்னும் உங்கள் பொலிஸ் முற்றத்தில்தானே கிடக்கிறது? சக்கரத் தகடுகளைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எட்டு எட்டுப் பென்சில் புள்ளி இருக்கும், முப்பத்திரண்டு. ஒன்றில்கூட ஓட்டை இருக்காது. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இது முழுக்க என் வேலை என்று.