இரண்டாவது குரல்

— இல்லம்மா, இன்னிக்கும் தட்டித் துடைச்சுக் குடுத்து எங்களை அனுப்பிடாதே. போன தடவை ஒரு சின்ன பிரஷ்ஷால அழுக்கு எடுத்துட்டு, சரியாயிடும்னு சொன்னே. என்ன சரியாச்சு? இந்தக் காது மிஷின் ஊர்ல இருக்கற அத்தனை பேர் பேச்சையும் இவருக்குக் குடுக்குது. கட்டின பொண்டாட்டி பேச்சை மட்டும் குடுக்க மாட்டேங்குது.

— முதல்ல உக்காருங்கம்மா. ஐயா, நீங்க இந்தச் சுழல் நாற்காலிக்கு வாங்க. கதவைச் சாத்திடறேன். டோக்கன் வாங்கிட்டு வெளியில காத்திருக்கறவங்க எல்லாரும் இங்கயே பாக்கறாங்க.

— பாக்கட்டும். அவங்களும் இதைத்தானே வாங்கப் போறாங்க, தெரிஞ்சுக்கிட்டு வாங்கட்டும்.

— ஐயா, நீங்க சொல்லுங்க. மிஷின் எப்படி இருக்கு?

— அருமையா இருக்கும்மா. நீங்க பேசறது மணி மணியா கேக்குது. டிவியில செய்தி கேக்குது. பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில நின்னு போன்ல பேசறது கூடக் கேக்குது. இவ பேசறது மட்டும் பிடிபடல. அதனால திருப்பிக் குடுத்துடலாம்னு வந்தோம். அவ்வளவுதான் விஷயம்.

— வந்தோம் இல்ல, வந்தார். நான் சரி பண்ண வந்திருக்கேன். அடுத்த வாரம் நான் என் மக வீட்டுக்குப் போறேன். அதுக்குள்ள இந்த மனுஷன் யார் துணையும் இல்லாம நாலு பேர்கிட்ட பேசற மாதிரி ஆகணும்.

— கேட்டுதா ஐயா? திருப்ப வேண்டாம், சரி பண்ணாப் போதும்னு அம்மா சொல்றாங்க.

— அப்படியா சொன்னா? எனக்கு என்னவோ துருப்பிடிச்ச கதவைத் திறக்கற மாதிரி இருந்தது.

— கேட்டுக்கோம்மா. இந்த வாய்க்குத்தான் இருபது வருஷமா கத்திக் கத்தி என் தொண்டையைப் புண்ணாக்கிக்கிட்டேன். ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொல்றார்னு நான் கத்தணும். பேங்க்ல நான் கத்தணும். கல்யாண வீட்ல யாராவது சௌக்கியமான்னு கேட்டா, அதையும் இவர் காதுகிட்ட போய் நான் கத்தணும். என் சொந்தக் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு.

— எப்படிம்மா காது இவ்வளவு தூரம் போச்சு?

— அச்சாபீஸ்ல வேலை. நாள் முழுக்க அந்த ராட்சச மிஷின் பக்கத்துல நிப்பார். காதுல அடைப்பு வெச்சுக்கோங்கன்னு கெஞ்சினேன். மிஷின் ஓடற சத்தம் மாறினா எனக்குத் தெரியணும்னு வீம்பு. இப்ப எந்தச் சத்தமும் தெரியல.

— ஐயா, நான் உங்க முதுகுப் பக்கம் போய் நின்னு மெதுவா மூணு வார்த்தை சொல்வேன். திருப்பிச் சொல்லுங்க. குடை.

— குடை.

— படிக்கட்டு.

— படிக்கட்டு.

— எலுமிச்சம்பழம்.

— எலுமிச்சம்பழம். நீங்க வாசனை கூடப் பிடிக்கற மாதிரி சொல்றீங்கம்மா.

— சிரிக்கறதைப் பாரு. வீட்ல இந்தப் பல்லைப் பார்த்து எத்தனை நாளாச்சு.

— அம்மா, இப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

— கரண்டி.

— ஐயா?

— ஏதோ இரைச்சலா வருதும்மா. பாத்திரம் விழுந்த மாதிரி.

— எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கு. ஐயா, உங்க போனைக் குடுங்க. மிஷினோட சேர்ந்த ஆப்பைப் பாக்கணும்.

— அது எதுக்கும்மா? பெட்டியோட எடுத்து வெச்சுக்கோங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்.

— அப்படி முடியாது ஐயா. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுக்கற கெடு இன்னிக்கோட முடியுது. கேக்கலைன்னு நான் எழுதினா, ஏன் கேக்கலைன்னு மேலிடத்துல என்னைத்தான் குடைவாங்க. நல்லா ஓடற மிஷினை நான் கெட்டதுன்னு எழுத முடியாது. போனைக் குடுங்க.

— குடுங்களேன். அதுல என்ன புதையலா இருக்கு?

— எனக்குக் காதுதான் ரிப்பேரு, போன் நல்லாத்தானே இருக்கு.

— குடுங்கன்னு சொல்றேன் இல்ல.

— நன்றிம்மா. ஒரு நிமிஷம். பழைய காது மிஷின் மாதிரி இல்ல இது. அது வர்ற சத்தம் எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிக் குடுக்கும். பேச்சும் பெருசா கேக்கும், பாத்திரம் விழற சத்தமும் பெருசா கேக்கும், தலைவலிதான் மிச்சம். இதுக்குள்ள ஏ.ஐ. இருக்கு. எது பேச்சு, எது வெறும் இரைச்சல்னு பல லட்சம் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகினது. எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் பேச்சை மட்டும் பிரிச்சு எடுத்துக் குடுக்கும். அதோட விடாது. நீங்க எப்ப கூட்டறீங்க, எப்ப குறைக்கறீங்கன்னு கவனிச்சு, கொஞ்ச நாள்ல அதுவே உங்க மனசு போல நடந்துக்கும்.

— பரவால்லையே. இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே அந்த மனசு பிடிபடல.

— பேச்சைப் பதிவு பண்ணாதும்மா, பயப்படாதீங்க. எந்த மாதிரி இடம், எந்த மாதிரி குரல், அப்ப ஐயா என்ன செஞ்சார்னு மட்டும் வெச்சுக்கும். இதோ வருது. வீடு மாதிரி இடத்துல ரெண்டு பெண் குரலைப் பழகியிருக்கு.

— ரெண்டா?

— முதல் குரல் ரொம்ப உரக்க இருக்கு. அது வந்தாலே ஐயா குறைச்சிருக்கார். முதல்ல கையால. அப்புறம் மிஷின் கத்துக்கிட்டுத் தானாவே குறைக்குது.

— அது நான்.

— இருக்கலாம்மா.

— இருக்கலாம் என்ன? அந்த வீட்ல உரக்கப் பேசற பொம்பளை நான் ஒருத்திதான். ஏங்க, என் பேச்சைக் குறைக்கச் சொல்லி ஒரு மிஷினுக்குப் பாடம் நடத்தியிருக்கீங்களா? நேர்ல சொல்ல வாய் வரலைன்னு அதுக்குள்ள போய்ச் சொல்லி வெச்சீங்களா?

— என்னம்மா சொல்றா இவ?

— கோபமா இருக்காங்க ஐயா.

— அது காது கேக்காதவனுக்கும் தெரியுமே.

— ஆனா அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசல, கத்தறீங்க. இவருக்குக் கேக்காத காலத்துல பழகிட்டீங்க, இப்ப கேக்கற காலத்துலயும் விட முடியல. அந்தக் கத்தல் காதைக் குத்தும், அதான் குறைக்குது. குறைச்சாலும் வார்த்தை புரியணும். அதுதான் எனக்கு இடிக்குது.

— அதை விடு. ரெண்டாவது குரல் யாரு?

— அது... அம்மா, அது இந்தப் பிரச்சினைக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

— ஏம்மா, நீயும் அவர் பக்கம் சேர்ந்துட்டியா? படிச்சுச் சொல்லு.

— மெதுவான குரல். மதிய நேரத்துல வருது, தினமும் இல்லை, ஆனா அடிக்கடி. பக்கத்துல ஒரு மோட்டார் ஓடற இரைச்சல், அதுக்கு நடுவுல இந்தக் குரல். அப்பல்லாம் ஐயா மத்த எல்லாத்தையும் அடக்கிட்டு இந்தக் குரலை மட்டும் முழுசா கூட்டி வெச்சுக் கேட்டிருக்கார். ரொம்ப நேரம்.

— முழுசான்னா?

— இதுக்கு மேல கூட்ட இடம் இல்லைம்மா.

— மதியம். மோட்டார். மெதுவான குரல். புரிஞ்சு போச்சு. மாடி வீட்ல தையல் மிஷின் வெச்சிருக்கறவ. பேன்ட்டைச் சுருக்கக் குடுத்துட்டு வர்றேன், சட்டைக்குப் பட்டன் வைக்கக் குடுத்துட்டு வர்றேன்னு ஏறி ஏறிப் போனாரே, இதுக்குத்தானா? நான் மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு கண் அசர்ற நேரம் பார்த்துப் போய், அவ கொஞ்சிக் கொஞ்சிப் பேசறதை உக்காந்து கேட்டுட்டு வர்றீங்க. எனக்குத் துருப்பிடிச்ச கதவு, அவளுக்கு மட்டும் முழு வால்யூமா?

— அவ தையல் மிஷின் ரிப்பேராகி மூலையில கிடக்குது. பேன்ட்டையே தைக்காம அப்படியே திருப்பிக் குடுத்துட்டா.

— ஐயா.

— என்னம்மா?

— அம்மா சொன்னதை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவே இல்லையே.

— ஓஹோ. அப்ப கேக்குது. இவ்வளவு நாளும் கேட்டிருக்கு. நான் பைத்தியம் மாதிரி ஒரே விஷயத்தை மூணு தடவை கத்தறேன், இவர் கையைக் காதுல குவிச்சுக்கிட்டு ஹாங்குறார். அத்தனையும் நடிப்பு. நீ எழுதிக்கோம்மா, மிஷின் நல்லா இருக்கு, மனுஷன்தான் கெட்டுப் போயிட்டார்.

— எழுதாதீங்கம்மா. எனக்கு இது வேண்டாம், எடுத்துக்கோங்க.

— ஏன் வேண்டாம்? ருசி பார்த்தாச்சு, இப்ப மாட்டிக்கிட்டோம்னு வேண்டாமா?

— நீ என்ன வேணா நினைச்சுக்கோ. காதுல இருந்து கழட்டறேன்.

— ஐயா, கழட்டாதீங்க. அம்மா, நீங்களும் கொஞ்சம் தணிங்க, தயவு செஞ்சு. சண்டை தீர்க்கற படிப்பு நான் படிக்கல. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சோதனை. உங்க குரலை மிஷின் எப்படி எடுத்துக்குதுன்னு இந்தத் திரையில நேராவே தெரியும். கத்தாம, மெதுவா ஏதாவது பேசுங்க.

— எனக்கு வராதும்மா.

— வரும். ஐயாகிட்ட பேசறதா நினைக்காதீங்க. வேற யார்கிட்டயோ பேசற மாதிரி பேசுங்க.

— வேற யார்கிட்ட? எனக்கு மனசு விட்டுப் பேசறதுக்கு என் மகளை விட்டா யார் இருக்கா.

— அட, இது என்ன!

— என்னம்மா ஆச்சு? ஏன் திரையையே பாக்கறே? இப்ப மெதுவாத்தானே பேசினேன்.

— ஒரு நிமிஷம். இன்னொரு தடவை பேசுங்க. அதே மாதிரி.

— என்ன பேச? அந்த மனுஷனை எழுந்து வீட்டுக்கு நடக்கச் சொல்லு. எனக்குக் களைப்பா இருக்குன்னு சொல்லு.

— அம்மா, இது அந்த ரெண்டாவது குரல்.

— எது?

— இப்ப நீங்க பேசறீங்களே, இதுதான். மிஷின் உங்களை ரெண்டு பேர்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு. கத்தறது ஒருத்தர், மெதுவா பேசறது இன்னொருத்தர். கத்தறவங்களைக் குறைக்குது. மெதுவா பேசறவங்க வந்ததும் மத்ததை எல்லாம் அடக்கிட்டு முழுசா கூட்டிடுச்சு.

— நான் எங்கம்மா மெதுவா பேசறேன்? அதுவும் மோட்டார் பக்கத்துல?

— வாஷிங் மிஷின் பக்கத்துல.

— நீங்க சும்மா இருங்க, நான் இந்தப் பொண்ணைக் கேக்கறேன்.

— மதியம் துணியைப் போட்டுட்டு, அந்த ரூம் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு, மகளுக்குப் போன் போடுவே. அந்தக் கடகடப்புல எனக்கு எப்பவுமே ஒண்ணும் கேக்காது இல்ல, அதனால அதுதான் உனக்குப் பேசற இடம். பழைய மிஷின்ல எனக்கு வெறும் கடகடதான். இதை மாட்டின மறுநாள் நான் சோபாவுல பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். திடீர்னு கடகட அடங்கிப் போச்சு. உன் குரல் வந்தது. கல்யாணமான புதுசுல பேசுவியே, அந்தக் குரல். யாரோ வேற ஆள் வந்திருக்காங்கன்னு எழுந்தே பார்த்தேன்.

— எல்லாம் கேட்டுதா?

— கேட்டுது.

— நான் மககிட்ட பேசினது எல்லாமா?

— மூட்டு வலியை எங்கிட்ட சொன்னதே இல்லை நீ. வலது கால்னு அவகிட்ட சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராத்திரியில பயமா இருக்கும்னு சொன்னே. ஒரு தடவை அழுதே. ஒரு வார்த்தை விடாம கேட்டேன். வால்யூமைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன்.

— ஒளிஞ்சு நின்னு.

— ஒளிஞ்சுதான். நேர்ல வந்தா நீ கத்துவே, அந்தக் குரல் ஓடிப் போயிடும்.

— கேட்டா வந்து கேட்டேன்னு சொல்லணும். காலு வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அதை விட்டுட்டு, செவிடன் வேஷம் போட்டுக்கிட்டு என்னைத் தொண்டை கிழியக் கத்த விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க. என்ன மனுஷன் நீங்க? அவ்வளவும் கேட்டவர், கேக்குதுன்னு சொல்றதுக்கு என்ன கேடு?

— நான் கேட்ட முதல் நாள் மககிட்ட நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— ஆயிரம் சொன்னேன்.

— இருபது வருஷமா நான் அவருக்குக் காதாத்தான் இருந்தேன், வேற எதுவாவும் இல்லைன்னு சொன்னே. இப்ப புது மிஷின் வந்திருக்கு, அவருக்கு நல்லா கேக்க ஆரம்பிச்சுட்டா என் வேலை முடிஞ்சுது, அங்க வந்துடறேன், திரும்பி இந்த வீட்டுக்கு வர மாட்டேன்னு சொன்னே. அதான் கேக்கல.

— ஐயா, அம்மா, என்னை மன்னிக்கணும். அடுத்தவங்க கதவைத் தட்டறாங்க. கேக்குதுன்னு எழுதினா மிஷின் உங்களோடது. கேக்கலைன்னு எழுதினா நான் எடுத்துக்கணும். எதை எழுதட்டும்?

— கேக்கலைன்னு எழுதுங்கம்மா.

— நீங்க பேசாதீங்க. கேக்குதுன்னே எழுதிக்கோம்மா. நான் போறேனா இருக்கேனான்னு அவர்கிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன்.