செய்யக்கூடாதவை

வாக்குமூலத்தை எனக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து எழுதினால் நல்லது, சார். இடது காது அவ்வளவாகக் கேட்காது. மற்றபடி உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்ப்பேன்.

பேக்கரியில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக மாவு நிறுத்துப் போடுகிற வேலை. ஒரு பன்னுக்கு அறுபது கிராம். தராசைப் பார்க்காமல் பிய்த்தாலும் அறுபதுதான் வரும். முதலாளி புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "அந்தம்மா கையே தராசுதான்" என்பார். அதனால் என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

அவர் மர மில்லில் ரம்பம் ஓட்டியவர். கல்யாணத்தின்போது எழுபத்திரண்டு கிலோ. கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அந்தக் கையைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. காதைச் சொல்லிவிட்டேன். இடது மணிக்கட்டு குளிர் நாட்களில் வலிக்கும். அவ்வளவு போதும். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அன்றைக்குப் பொழுது எப்படிப் போகும் என்று எனக்கும் மகளுக்கும் தெரிந்துவிடும். கல்யாணமான முதல் வருடம் ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா என் முகத்தில் ஈரத்துணியை ஒற்றியெடுத்துவிட்டு, "அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்று திருப்பி அனுப்பினாள். அணைக்கும் அணைக்கும் என்று பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன்.

சாப்பாட்டு விஷயம் தற்செயலாகத் தெரிந்துகொண்டதுதான். பேக்கரியில் யாரோ சொல்லிவைத்த பெரிய கேக்கை வாங்க வரவில்லை. மீந்ததில் ஒரு கிலோ போல எனக்குக் கொடுத்தார்கள். அவர் முழுவதையும் சாப்பிட்டார், நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அன்று வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி முடித்தாள். வயிறு நிறைந்த மனிதன் தூங்குவான், சார். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு அத்தனை வருடம் உறைக்கவே இல்லை.

மறுநாளும் கொண்டுவந்தேன். அதற்கு மறுநாளும். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி எட்டு, மூன்று முட்டை. மத்தியானத்துக்கு வறுத்த உருளைக்கிழங்கு ஒரு டப்பா. சாயங்காலம் பன்னும் க்ரீமும். படுக்கப்போகும் முன் ஆடை நீக்காத பால். நான் அவரை ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கொஞ்ச நேரம் பொறுத்து, சூடுபடுத்திக் கொண்டுவருவேன். பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளிடம், "புருஷனுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யறதை இவகிட்ட கத்துக்கோ" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழு வருடத்தில் நூற்றைம்பத்தெட்டு கிலோ. நிற்க முடியாமல் மில் வேலை போயிற்று. எங்கள் வீட்டில் மாடியில் ஒரே ஒரு அறை, அதற்குப் பதினான்கு படி. ஒருநாள் நான்காவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. அண்ணாந்து மேலே பார்த்தார், பிறகு இறங்கிவிட்டார். நான் அன்றே என் படுக்கையைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோனேன். அதன்பிறகு பன்னிரண்டு வருடம் நன்றாகத் தூங்கினேன்.

அவரைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குளிப்பாட்டினேன். மடிப்புகளில் புண் வராமல் பவுடர் போட்டேன். கால் நகம் வெட்டினேன். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் அவரைக் கிண்டல் செய்வார். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். படுத்த யானை எழுந்துவராதவரைக்கும் சிரிக்கலாம்தானே.

போன வருடம் மகள் வந்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துவிட்டு என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துப்போனாள்.

"இப்படியே விட்டா ரெண்டு வருஷம் தாங்கமாட்டார்மா. நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். இரைப்பையைச் சின்னதாக்கற ஆபரேஷன் இருக்கு."

"இந்த வயசிலயா?"

"பண்ணலாமாம். நீயும் எத்தனை நாளைக்குத்தான் அவரைத் தூக்கித் தூக்கிச் சாவே? உனக்காகத்தான்மா."

எனக்காக என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவள்தான். அதை மறந்துவிட்டாளா, மறக்க வேண்டும் என்று நினைக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் நின்றேன். சரி என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே கைவைக்க இடம் கிடைக்குமாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற ஒரு பெண் இருக்கிறாள், முப்பது வயதிருக்கும். ஆடை நீக்கிய பால், காய்கறி வேகவைத்த தண்ணீர், புரதப் பவுடர் என்று எழுதிக்கொடுத்தாள். அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தார். பசியில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காய்கறித் தண்ணீரில் நான் வெண்ணெயும் க்ரீமும் கலந்து கொடுத்தேன். பல வருடமாக வெண்ணெயிலேயே ஊறிய நாக்கு, அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் தேதியைத் தள்ளிவைத்தார். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. அந்தப் பெண் கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள். "நான் ஒண்ணும் திங்கலைம்மா. வேணும்னா இவகிட்ட கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மறைச்சு வெச்சுச் சாப்பிட்டாரோ என்னவோ" என்றேன். அவர் குழந்தை மாதிரி அழுதார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது தடவை அவரை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர்களே சாப்பாடு கொடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தது.

மகள் ஒரு மாதம் கூட இருந்தாள். அந்த மாதம் எல்லாம் சரியாக நடந்தது. முதலில் கரண்டியால் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு மாதிரி நீர்த்த ஆகாரம், பிறகு மசித்தது. ஒரு வேளைக்குக் கால் கப்கூட இறங்காது. நூற்றைம்பத்தெட்டு நூற்று நாற்பதாயிற்று. மகள் போனபிறகு நூற்று இருபத்தேழு. அவர் வாசல்வரை நடந்தார். தெருமுனைவரை நடந்தார். சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவினார். படியில் ஏறிப் பழகினார். நான் மாடியில் படுத்துக்கொண்டு எண்ணுவேன். மூன்று படி ஏறினார், இறங்கினார். அடுத்த வாரம் ஐந்து. அடுத்த வாரம் ஒன்பது. கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி நானே பொருத்தினேன். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவர் இளைத்த அந்த மாதங்களில் நானும் ஏழு கிலோ இளைத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் பதினான்கு படியும் ஏறி வந்துவிட்டார். அன்று தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன். கையில் டீ. பாதி தட்டில் சிந்தியிருந்தது. "உனக்குன்னு நான் ஒருநாளும் ஒண்ணும் செஞ்சதில்லை" என்றார். கட்டிலில் எனக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ பேசினார். மெதுவாகப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் நிறுத்தியபோது தலையாட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

அன்று மத்தியானமே தொடங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் செய்யவேண்டியவை, வலப்பக்கத்தில் செய்யக்கூடாதவை. நான் பள்ளிக்கூடத்தில் எதையும் மனப்பாடம் செய்ததில்லை. அந்த வலப்பக்கம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இனிப்பு கூடாது என்று போட்டிருந்தது. பாலில் சர்க்கரை கலந்தேன். கால் மணி நேரத்தில் சட்டை தொப்பலாக நனைய வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றிப் படுத்துவிட்டார். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்றிருந்தது. ரொட்டியும் கெட்டியானதும் இன்னும் கொஞ்ச நாளுக்கு ஆகாது என்றிருந்தது. காய்ந்த ரொட்டி கொடுத்து, பக்கத்திலேயே தண்ணீரும் வைத்தேன். வாந்தியெடுத்தார். தினமும் எடுத்தார். "டாக்டர்கிட்ட போகலாமா?" என்று கேட்டார். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம், போன்ல கேட்டுட்டேன்" என்றேன். நம்பினார்.

வைட்டமின் மாத்திரையை ஆயுள் முழுக்க ஒருநாள் விடாமல் மென்று தின்னவேண்டும். ஆரஞ்சு வாசனையில் வட்டமாக இருக்கும். எங்கள் பேக்கரியில் கேக்மேல் பதிக்க அதே அளவில் ஆரஞ்சு மிட்டாய் உண்டு. புட்டியைக் காலி செய்து அதை நிரப்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், நன்றாக இருக்கிறார், பக்கத்து டாக்டரிடம் காட்டுகிறோம் என்பேன். வாந்தி இரண்டு நாளுக்குமேல் நீடித்தால் உடனே வரவும் என்று அந்தப் பக்கத்தின் கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. நான் ஏழு வாரம் அவரை வீட்டிலேயே வைத்திருந்தேன்.

முதலில் கால் மரத்தது. படி ஏறுவது நின்றது. எனக்குத் தூக்கம் திரும்ப வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் நிஜ வைட்டமின் மாத்திரையைக் கொடுத்தால் கால் திரும்பிவிடுமே. பிறகு கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடத்தொடங்கியது. பிறகு காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை. ஒருநாள் என்னைப் பார்த்து, "சிஸ்டர், என் பொண்டாட்டி வந்தாளா?" என்றார். "வந்துட்டிருக்காங்க" என்றேன்.

போனில் அப்பா குழறுவதைக் கேட்டு மகள் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த உணவு ஆலோசனைப் பெண் மாத்திரைப் புட்டியைக் கேட்டாள். கொடுத்தேன். திறந்தாள், மோந்தாள், ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு என் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "இது மிட்டாய்" என்றாள். ஆமாம் என்றேன். யாராவது கேட்டால் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அடித்தாரா என்று கேட்டீர்கள். இல்லை. கையை ஓங்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. இனியும் அடித்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடிக்கிறவரை என்ன செய்வதென்று தெரிந்துகொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று. டீ போட்டுக்கொண்டு வருகிறவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, சார். மன்னித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பார். மன்னித்துவிட்டால், அத்தனை வருடத்தையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனி நடக்க முடியுமா, நினைவு திரும்புமா என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏம்மா?" பயம் என்றேன். அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் அதற்குமேல் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். அந்த முதல் நாள் மத்தியானம் அவர் தொட்டியில் தன் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி நின்றார். ஏதோ முணுமுணுத்துப் பாடினார். நான் பின்னால் நின்று பாலில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன், நான்கு கரண்டி. எதிரே ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பயந்துபோன என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ வருடம் பார்த்துப் பழகியது. அது அந்த முகம் இல்லை.

இருந்தாலும் பயம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.