அரை நூல்

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. பலகையை அறுக்கும் முன், ரம்ப மேசையின் வழிகாட்டிச் சட்டத்தை ஊதித் துடைக்க மறந்துவிட்டேன்.

மரவேலை மாலை வகுப்புக்கான நோட்டில் அன்று எழுதியது இவ்வளவுதான். மீதியை எழுத ஒன்பது வாரம் ஆகிவிட்டது. எதையும் இருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

பகலில் எனக்கு ஓர் அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கும் வேலை. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மூன்று முறை. "ஒரு நாள் பூட்டு கையோட வந்துடும் பாரு, திருடனுக்குப் பாதி வேலை மிச்சம்" என்பாள் அக்கா. வகுப்பிலும் முதல் நாளே எனக்கு 'டவுட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆணி அடித்துவிட்டு, அடித்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று கேட்டேனாம்.

எங்கள் எட்டுப் பேருக்கும் டீச்சர் கொடுத்த முதல் வேலை புத்தகத் தாங்கி. ஒரு படுக்கைப் பலகை, அதன் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பலகை, நடுவில் பசை. பசை காய்வதற்குள் நிமிர்ந்தது குடிகாரன் போல எந்தப் பக்கமாவது சாயும். சாயாமல் பிடிக்க ஒரு ஜிக் வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, நேர்மூலை கொண்ட முக்கோண பிளைவுட் துண்டுதான். மூலை நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் பிதுங்கும் பசைக்கு வழி கிடைக்கும். விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிக்கும் தாங்கியோடு ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மாட்ட இரண்டு பக்கமும் இரண்டு துளை. அவ்வளவுதான். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. எட்டுப் பேருக்கும் நானே ஒரே அச்சாகச் செய்து கொடுத்தேன்.

டீச்சர் ஒன்றை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். "டவுட்டு செஞ்சதுல ஒரு டவுட்டும் இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டியது அதுவே முதல் தடவை.

வகுப்பு முடிந்து பெருக்கும்போதுதான் பார்த்தேன். பலகையை ஒட்டி நகர்த்தும் வழிகாட்டிச் சட்டத்தின் ஒரு முனையில் மரத்தூள் அப்பிக் கிடந்தது. பலகை அதன் மேல் சாய்ந்தபடிதான் அறுபட்டிருக்கிறது. நேர்மூலை சரிபார்க்கும் டீச்சரின் எல் வடிவ இரும்பு மூலைமட்டத்தை ஒரு ஜிக்கில் வைத்தேன். ஒரு கீற்று வெளிச்சம். ஒரு சாண் உயரத்துக்கு அரை நூல் விரிவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. எட்டும் அப்படியே, அண்ணன் தம்பிபோல.

சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அடுத்த செவ்வாய் வந்தது. எல்லோரும் என் ஜிக்கைப் பிடித்து ஒட்டிக் காயவைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். டைலர் அண்ணன் என்னை ஜன்னல் பக்கம் அழைத்தார். பதினெட்டு வருடமாகச் சொந்தத் தையற்கடை வைத்திருப்பவர். வகுப்பில் மூத்தவர்.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லல. தாங்கி பின்னாடி சாயுது. உன் ஜிக்ல ஒரு அரை நூல் இருக்கும். டீச்சர் மட்டம் வெச்சுப் பாக்குறதுக்குள்ள சரி பண்ணிடலாமா? நானும் கூட இருக்கேன்."

அளந்தெல்லாம் பார்க்கவில்லை. வெறும் கண்.

நான் அமைதியாக யோசித்தேன். கோளாறு எட்டுத் தாங்கியில் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கப் போவதோ ஒரே ஒரு மூலைமட்டம். எட்டைத் திருத்துவதா, ஒன்றைத் திருத்துவதா? யாரைக் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வார்கள்.

டீ இடைவேளை பத்து நிமிடம். வளைந்துபோன மூலைமட்டத்தை நேராக்க ஒரு முறை உண்டு. உள்மூலையின் அருகே பஞ்ச் என்ற கூர் இரும்பை வைத்துத் தட்டினால் இரும்பு அங்கே பரவி, மட்டத்தின் இரண்டு கைகளும் விரியும். வெளிமூலையில் தட்டினால் குறுகும். தாங்கிகள் சாய்ந்த அதே அளவுக்கு, நான் உள்மூலையில் நான்கு தட்டுத் தட்டினேன். புள்ளிகளின் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். டீ ஆறுவதற்குள் திரும்பிவிட்டேன்.

டீச்சர் எட்டுத் தாங்கிக்கும் மட்டம் வைத்தார். ஒன்றிலும் வெளிச்சம் புகவில்லை.

"டீச்சர், கொஞ்சம் சாயிற மாதிரி இருக்குதுங்களே" என்றார் டைலர் அண்ணன். என் பெயரைச் சொல்லவில்லை.

"இரும்பு பொய் சொல்லுமாண்ணே?"

"ஊசியில நூல் கோத்துக் கோத்து அண்ணனுக்குக் கண்ணு ஊசியாயிடுச்சு" என்றாள் வகுப்பில் இருந்த நர்ஸ். "நம்ம ஆஸ்பத்திரிக்கு வாங்க, சொட்டு மருந்து ஊத்தி விடுறேன். வலிக்காது, எரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பொங்கி வந்து, தும்மல் என்று சமாளித்தேன். எட்டுத் தாங்கி, ஒரு டீச்சர், ஒரு இரும்பு, அத்தனையும் என் பக்கம். எல்லோரும் ஒரே அளவு சாய்ந்துவிட்டால் அதற்குப் பெயர் நேர். அன்று மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். மறுநாள் பூட்டை ஒரே ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் கடையிலிருந்து தன் எல் ஸ்கேலைக் கொண்டு வந்தார். இரண்டு மரக் கைகள், மூலையில் இரண்டு பித்தளை ஆணி. "இதை வெச்சு ஒரே ஒரு தடவை பாத்துடுறேன், என் மனசு ஆறிடும். கை கழுவிட்டு வரேன், பத்திரமா வெச்சிரு தம்பி."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மேசை விளிம்பில் இரண்டு தட்டு. அதற்குப் பஞ்ச் கூடத் தேவைப்படவில்லை.

அவர் வந்து ஸ்கேலைத் தாங்கியில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வேடிக்கை பேசாமல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்த ஸ்கேலோடுதான் அவர் கடைக்குத் திரும்பிப் போனார். முப்பத்தைந்து பள்ளிச் சட்டைகள் வெட்டினார். எல்லாம் ஒரு பக்கம் இழுத்தன, எல்லாம் திரும்பி வந்தன. கண் டாக்டரிடம் அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். படியிறங்கும்போது அண்ணன் நின்றார்.

"கண்ணு நல்லாருக்குன்னா, அப்ப கோளாறு எங்க தம்பி?" நெற்றியைத் தட்டிக் காட்டினார். "இங்கயா?"

தெரியாததைச் சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது. கையைப் பிடித்து, ஒரு படி தவறாமல் இறக்கிவிட்டேன்.

இப்போது கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர் அவர். மூன்று முறை. நான் பக்கத்தில் நின்று, "பூட்டியாச்சுண்ணே" என்று சொல்ல வேண்டும். அண்ணி போன் செய்து அழுதார்: "வெட்ட மாட்டேங்கிறார். கத்திரிய டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார். உங்க பேச்சைத்தான் கேக்குறார்." நான் இரண்டு நாள் யோசித்து, நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்றேன். கடையை மூடுவதென்று முடிவாயிற்று.

இன்று நவம்பர் 11, வகுப்பின் கடைசி நாள். அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார். கைப்பழக்கம், ஒரு தாளை எடுத்து மடித்தார். மடித்த விளிம்பை அதன் மேலேயே பொருத்தி இன்னொரு மடிப்பு. எத்தனை பஞ்ச் வைத்துத் தட்டினாலும் கெடாத நேர்மூலை அது. ஒன்பது வாரமாக நான் பயந்தது அதற்குத்தான்.

மடித்த மூலையைத் தாங்கியில் வைத்தார். மேலே அரை நூல் வெளிச்சம். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா தம்பி? ஒரு பேப்பரைக்கூட எனக்கு நேரா மடிக்க வரல."

"விடுங்கண்ணே" என்று தாளை வாங்கிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது. டீச்சர் கூப்பிட்டு, அடுத்த வகுப்புக்கு உதவியாளாக வருகிறாயா, ஜிக் எல்லாம் உன் பொறுப்பு என்றபோது கால் தரையில் பாவவில்லை.

ஒப்புக்கொள்கிறேன். மூலைமட்டத்தில் நான்கு தட்டு, ஸ்கேலில் இரண்டு தட்டு, இரண்டும் நான்தான். ஆனால் அவை திருத்தங்கள். தவறு என்று பார்த்தால் மரத்தூளை ஊத மறந்தது ஒன்றுதான், அதை அன்றைக்கே நோட்டில் எழுதிவிட்டேன்.

நாளை, புதன். காலை ஒன்பது மணிக்கு ஏணியோடு அண்ணன் கடைக்குப் போய், பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மாலையில் வழிகாட்டிச் சட்டத்தை முதலில் ஊதித் துடைக்க வேண்டும். பிறகு எனக்கென்று புதிதாக ஒரு ஜிக். மூலைக்கு அளவு, அவர் மடித்த தாள்.