பன்னிரண்டு குருவிக் குடைகள்

“ஹலோ... ஹலோ... போசிபோரி அக்காவா? நான் கெரூபோ... கெரூபோ, அக்கா, கெரூபோ! ... ஆமா, நைரோபியிலதான் இருக்கேன். தரகர் ஆபீஸ் மாடிப்படியில நிக்கிறேன்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அதை விடு... இல்ல, காசு இன்னும் கைக்கு வரலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... யாரு? தக்காளிக்கா? சரி, குடுத்துட்டு வா. சீக்கிரம் வா, என் போன்ல நாப்பது ஷில்லிங்தான் இருக்கு.”

கெரூபோ போனைக் காதிலிருந்து எடுக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். மறுமுனையில் நக்குரு சந்தை இரைந்தது. போசிபோரி யாரிடமோ ஒரு குவியல் தக்காளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத குரல்.

பன்னிரண்டு பெண்கள் வாரம் ஐம்பது ஷில்லிங் போட்டு நடத்துகிற ‘சாமா’ என்ற சேமிப்புக் குழு அவர்களுடையது. போசிபோரி தலைவி, கெரூபோ செயலாளர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வருடச் சேமிப்பு முழுவதையும் ஷொமோரோ ஏர் என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார்கள். ஷொமோரோ என்றால் சிட்டுக்குருவி. அந்தப் பங்குகளை இன்று விற்று, திங்கட்கிழமைக்குள் நாற்பதாயிரம் முன்பணம் கட்டினால், புதுச் சந்தைக் கட்டடத்தில் கூரை போட்ட கடை ஒன்று சாமாவுக்குக் கிடைக்கும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

“வந்துட்டியா? கேளு. நம்மகிட்ட நாலாயிரத்து எண்ணூறு பங்கு இருந்துச்சுல்ல? இப்ப எரநூத்தி நாப்பதுதான் இருக்கு... இல்ல, திருடு போகலை... யாரும் எடுக்கலைக்கா, நான் சொல்றதைக் கேளேன். இருபதை ஒண்ணாக்கிட்டாங்க... ஆமா. ஆமா. இருபது பங்கைச் சேத்து ஒரு பங்கு... அதேதான் நானும் கேட்டேன்! அப்ப விலை இருபது மடங்கு ஏறணுமில்லையான்னு. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. ஒண்ணு முப்பத்தியோரு ஷில்லிங்... கணக்குப் போட்டுட்டேன். ஏழாயிரத்து நானூத்திச் சொச்சம்... ஏழாயிரம். உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு.”

போனிலிருந்து வந்த சத்தத்தில், படியேறி வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கெரூபோ போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“கத்தாதக்கா... கத்தினா குட்டி போடுமா அது? ... கம்பெனி பாங்குக்குக் கடன்பட்டிருக்கு. திருப்பிக் குடுக்க முடியலை. கடனுக்குப் பதிலா பாங்கு பங்கை எடுத்துக்கிச்சு... எப்படிச் சொல்றது... ஒரு சட்டிக் குழம்பு இருக்கு, பன்னெண்டு பேரு சாப்பிட உக்காந்திருக்கோம். திடீர்னு பத்துத் தடியனுங்க வந்து, முதல்லயே அகப்பையைப் பிடுங்கிட்டானுங்க. அதான்... ஃபிளைட் நிறைஞ்சுதான் போகுது, நானும் பாக்குறேன். எல்லாம் எண்ணெய்க்கே சரியாப் போகுதாம்... எனக்கென்ன தெரியும், நானா ஓட்டுறேன்?”

“...”

“என்னக்கா அது, படபடன்னு? ... மழையா? நனையாம இருக்கியா? ... எந்தக் குடை? ... ஓ. அந்தக் குடையா. ... சரி. ... நல்லதுதான்.”

கெரூபோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். துணியில் விழும் மழையின் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. நீலத் துணி, நடுவில் மஞ்சள் குருவி. சாமாவில் ஆளுக்கு ஒன்று இருந்தது.

“இருக்கேன், இருக்கேன்... ஆமா. ஒம்வெங்கா சொல்லித்தான் வாங்கினோம். நான் இல்லேங்கலை.”

ஒம்வெங்கா கெரூபோவின் கணவன். பதினாலு வருடம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன். நேற்றுவரை கோழியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன சனமெல்லாம் இப்போது குருவியில்தான் ஏறுகிறது, பெட்டி தூக்கித் தூக்கி என் முதுகுக்குத்தான் தெரியும், துணிந்து வாங்குங்கள் என்று சாமா கூட்டத்தில் வந்து சொன்னவன். மார்ச்சில் சிறுநீரகம் கைவிட்டது. அவனைப் புதைத்து இப்போது மூன்று மாதம் ஆகிறது.

“என்னது? ... சனிக்கிழமை கூட்டத்துல, அவராலதான் காசு போச்சுன்னு சொல்லிடலாமா? ... இல்ல, புரியுது. நீ நல்ல மனசோடதான் சொல்றே... ஆமா, செத்தவங்களுக்கு அபராதம் போட சாமாவுல விதி இல்லதான். ... எதுக்கெடுத்தாலும் கணக்குக் கேக்குற மொராவும் அப்புறம் வாயைத் திறக்க மாட்டா... ஆமா. எல்லாரும் அவரை நெனச்சு ரெண்டு நிமிஷம் பேசாம இருப்பாங்க, அப்புறம் டீ வந்துடும்.”

சொல்லிவிட்டால் அவ்வளவுதான், முடிந்துவிடும். அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. கெரூபோவின் தோள்பையில் கம்பெனியின் ஆண்டுக் கூட்ட அறிவிப்புப் புத்தகம் மடங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒம்வெங்கா அதை வரி வரியாகப் படித்திருந்தான். காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் அவள் அதை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தாள். கடனுக்குப் பதிலாகப் பாங்குக்குப் பங்கு கொடுக்கும் ஏழாவது தீர்மானத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழே, நடுங்கிய எழுத்தில், ‘வேண்டாம்’.

போனில் ஒரு ‘பீப்’ கேட்டது. காசு தீரப்போகிறது.

“அக்கா, நிறுத்து... கொஞ்சம் நிறுத்துக்கா! அவரு மேல போடாத... இல்ல, நான் அழலை. கேளு. அந்த ஏழாவது தீர்மானத்துக்கு ‘வேண்டாம்’னு ஓட்டுச் சீட்டுப் போட்டவங்களுக்கெல்லாம் கம்பெனி பழைய விலையைக் குடுக்குது... ஆமா, முழுசா. பழைய பங்கு ஒண்ணுக்கு ஒம்போது ஷில்லிங். இப்பதான் ஒரு பெரியவர் செக்கை நாலா மடிச்சுத் தொப்பிக்குள்ள வெச்சுக்கிட்டு இந்தப் படியிலதான் இறங்கிப் போனாரு... நமக்குமா? நமக்கு இல்ல. நம்ம சீட்டு ‘சரி’ன்னு விழுந்திருக்கு... யாரு போட்டாங்களா? நமக்காக ஓட்டுப் போடச் சொல்லி பன்னெண்டு பேரும் ஆளுக்கொண்ணா கையெழுத்துப் போட்ட கடுதாசிங்களை யார்கிட்டக்கா குடுத்துக் கூட்டத்துக்கு அனுப்பினீங்க?”

“...”

“ஆமா. நான்தான் போனேன். அவரைப் புதைச்சு மூணு வாரம்கூட ஆகலை, போகாதேன்னு நீகூடச் சொன்னே. இல்ல, பன்னெண்டு பேரு நம்பியிருக்காங்கன்னு போனேன். அஞ்சு தீர்மானம் வரைக்கும் ஒழுங்கா உக்காந்து கேட்டேன். அப்ப வெளியில வரிசை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க... குடை வரிசைக்கா! குடை, சாப்பாட்டுப் பொட்டலம், வேறென்ன குடுப்பான்? கடுதாசிக்கு ஒண்ணு. எனக்குப் போன வருஷ ஞாபகம் வந்துடுச்சு... நீ மறந்திருப்பே. நான் மறக்கலை. அவரு போயிட்டு ஒரே ஒரு குடையோட வந்தாரு. பன்னெண்டு பேருக்குப் போயிட்டு ஒரு குடையான்னு கேட்டு எனக்கு நூறு ஷில்லிங் அபராதம் போட்டீங்க. நீதான் எழுதினே... சிரிக்காத. இப்ப எனக்குச் சிரிப்பு வரலை.”

“...”

“அவருக்கு ஏன் ஒண்ணுதான் கெடச்சுதுன்னு யாராவது கேட்டோமா? நானே கேக்கலை. கடைசி தீர்மானம் வரைக்கும் உள்ளேயே உக்காந்திருந்தாரு. வெளிய வரும்போது தீந்துபோச்சு. ... நான் அப்படி இல்ல. பக்கத்துல கோட்டுப் போட்ட ஒருத்தன் இருந்தான். அவன் கையில நம்ம சீட்டுக் கட்டைக் குடுத்து, நீங்க எதுல போடுறீங்களோ அதுலயே இதையும் போட்டுடுங்கண்ணேன்னு சொல்லிட்டு எழுந்து ஓடினேன்... யாருன்னு தெரியாது. பாங்குக்காரனோ, யாரோ.”

போனில் மறுபடி ‘பீப்’.

“சும்மா சமாதானம் சொல்லாத. என் ஒரு கையால எதுவும் நின்னிருக்காதுன்னு எனக்கும் தெரியும். அது நடந்திருக்கும். ஆனா நமக்குக் காசு வந்திருக்கும்ல? திங்கக்கிழமை கடை வந்திருக்கும்ல? ... இல்ல. சனிக்கிழமை நானே எழுந்து நின்னு சொல்றேன். புத்தகத்தைக் கொண்டு வரேன், அவரு எழுத்தை எல்லாரும் பாக்கட்டும். அவரு வேண்டாம்னுதான் எழுதியிருக்காரு. அபராதத்தை என் பேருல எழுது.”

“...”

“அக்கா? ... கேக்குதா? ... நீ பிடிச்சிருக்கியே, அந்தக் குடைக்காகத்தான்க்கா நான் எழுந்து வந்தேன்.”

 மறுமுனையில் யாரோ தக்காளிக்கு விலை கேட்டார்கள். துணியில் மழை விழுந்துகொண்டிருந்தது, படபடவென்று, விடாமல். பிறகு ‘டக்’கென்று கம்பி மடங்கும் சத்தம். படபடப்பு நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை. அது வெறும் தரையில் விழுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

“அக்கா, என்ன பண்றே? ... மடக்காத. நனைஞ்சுடுவே... உனக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி... சொன்னாக் கேளுக்கா, குடையை விரி... அக்கா, விரிக்—”

காசு தீர்ந்துவிட்டது.