ஏழாவது ஆளின் தடம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த பல்கலைக்கழக மாணவியிடம் கேட்டார்.

“என்ட மகளுக்கும் சுகாதார மேம்பாட்டுப் படிப்புத்தான் கிடைச்சிரிக்கி. முடிச்சா என்ன வேலை மகள்?”

“ஆஸ்பத்திரி, பாடசாலை, தொண்டு நிறுவனம் எண்டு நிறைய இரிக்கி மாமி. ஆனா நாம நடக்க வெச்ச ஆக்கள நிப்பாட்டேலாது.”

அந்தப் பெண் விளங்காமல் பார்த்தார்.

“பயிற்சிக்காக, சீனி வருத்தக்காரப் பொம்புளைகள் ஏழு பேர சாய்ந்தமருதுக் கடற்கரையில விடிய நடக்க வெச்சன். ஒராள் இடது கால இழுத்துத்தான் நடப்பா. போன மாசம் மௌத்தாகிட்டா.”

“இன்னாலில்லாஹி.”

“இப்ப ஆறு பேர்தான் நடக்காங்க. அவங்க போன பிறகு மணல்ல ஏழு பேர்ர தடம் கிடக்கு. ஒண்டு, கால் இழுத்த தடம்.”

பஸ் காரைதீவைக் கடந்ததும் அந்தப் பெண் கேட்டார்.

“மத்த ஆக்கள் பயப்படல்லயா?”

“இல்ல. அவட இடத்த அவக்கே விட்டுட்டு நடக்காங்க.”

“பள்ளிவாசல் லெவ்வையக் கூட்டிட்டுப் போய் ஓதலாமே?”

மாணவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வரமாட்டன் எண்டு நிண்ட அவவ மூணு தரம் வீட்ட போய் நான்தான் கூப்பிட்டன் மாமி. இப்ப வராதீங்க எண்டு எப்பிடிச் சொல்லுற?”